ஃபிட்ஸ்ராயில் முதல் பிரஞ்ச்: மெல்பர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெல்பர்னுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேர்ந்த சில வாரங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் சாப்பிட வர்றியா?" வகுப்பில் பக்கத்தில் உட்காருபவராக இருக்கலாம், அலுவலகத்தில் புதிதாகப் பழகியவராக இருக்கலாம். இந்த ஊரில் நட்பு பெரும்பாலும் இந்த மேசையில்தான் தொடங்குகிறது. வீட்டுக்குக் கூப்பிடும் அளவு நெருக்கம் இன்னும் வந்திருக்காது. குடிக்கும் இடத்துக்குப் போக எல்லோருக்கும் விருப்பமிருக்காது. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிய இந்த ஒன்றரை மணி நேரம் எல்லோருக்கும் தோதானது. அதனால் அழைப்பு வந்தால் போய்விடுங்கள்.

தயக்கம் வருவது மனிதர்களால் அல்ல. மெனுவில் பாதி வார்த்தை புரியாது, காபியில் ஏழெட்டு வகை இருக்கும், காசு எப்படிக் கொடுப்பது என்று தெரியாது. இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் மனம் பேச்சில் இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பகுதி, எந்தக் கடை

இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், நகர மையத்துக்குச் சற்று வடகிழக்கே அடுத்தடுத்து இருக்கும் ஃபிட்ஸ்ராய், காலிங்வுட் இரண்டையும் சொல்லுங்கள். தொழிற்சாலைகளும் பட்டறைகளும் இருந்த பழைய உழைப்பாளர் குடியிருப்புகள் இவை. அந்தச் செங்கல் கட்டடங்களில் இப்போது ஓவியக்கூடங்களும், காபிக்கொட்டை வறுக்கும் இடங்களும், கஃபேக்களும் இருக்கின்றன. சுவரெல்லாம் ஓவியம். காலிங்வுட்டின் ஜான்ஸ்டன் தெருவில் ஒரு பழைய தொழிற்பள்ளிச் சுவரில் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1984-ல் தன் கையாலேயே வரைந்த பெரிய ஓவியம் இன்னும் இருக்கிறது. அந்தப் பள்ளி வளாகம் இப்போது 'காலிங்வுட் யார்ட்ஸ்' என்ற பெயரில் கலைஞர்கள் வேலை செய்யும் இடமாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் நடந்து போய்ப் பார்க்க இப்படி ஒன்று இருப்பது பெரிய வசதி. பேச்சு தடுமாறும்போது சுவர் கைகொடுக்கும்.

மையத்திலிருந்து கிளம்புகிறவர்கள், போர்க் தெருவில் 86-ம் எண் டிராம் ஏறினால் கெர்ட்ரூட் தெரு வழியாக ஸ்மித் தெருவுக்கு வந்துவிடும். காலின்ஸ் தெருவில் 11-ம் எண் ஏறினால் பிரன்ஸ்விக் தெரு. ஒன்றைக் கவனியுங்கள்: நகர மையத்தில் டிராம் இலவசம், ஆனால் ஃபிட்ஸ்ராய் அந்த இலவச எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஏறியதும் மைக்கி என்ற பயண அட்டையைக் கருவியில் தொட்டுவிடுங்கள். அபராதம் கட்டும் காசில் இரண்டு பேர் நன்றாகவே சாப்பிடலாம்.

கடைகளில், காலிங்வுட் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருக்கும் 'புரவுட் மேரி' காபிக்காகவே பெயர் பெற்றது. ஃபிட்ஸ்ராய் ரோஸ் தெருவில் 'லூன்' என்ற கடை, அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டியான குரோசானுக்குப் பேர்போனது. ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களின் காற்றியக்க வடிவமைப்பில் வேலை பார்த்த கேட் ரீட் தொடங்கியது. அங்கே குரோசானின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும், கடித்தால் மேசையெல்லாம் துகள் உதிரும். ஆனால் அது உட்கார்ந்து நீண்ட நேரம் பேசும் இடமல்ல. முதல் சந்திப்புக்கு என் சிபாரிசு, பெயர் பெற்ற பெரிய கடையை விட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் பத்துப் பன்னிரண்டு மேசையோடு இருக்கும் சின்னக் கஃபே. சுவரில் அந்தப் பகுதி ஓவியர்களின் படங்கள் விலைச்சீட்டோடு மாட்டியிருக்கும், கோப்பைகளைப் பக்கத்துக் குயக்கலைஞர் யாராவது செய்து கொடுத்திருப்பார். அங்கே இரைச்சலும் குறைவு, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். புது உச்சரிப்புக்குக் காது பழகாத முதல் சில மாதங்களில் இது ரொம்ப முக்கியம்.

நாள், நேரம், எத்தனை பேர்

கஃபேக்கள் காலை ஏழு, எட்டு மணிக்கே திறந்துவிடும். பல கடைகளில் சமையலறையை மதியம் இரண்டரை மூன்று மணிக்கே மூடிவிடுவார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மேல் சாவகாசமாகக் கிளம்பினால் கேக் மட்டும்தான் கிடைக்கும். வார இறுதியில் பத்து முதல் பன்னிரண்டு வரை கூட்டம் அதிகம். ஒன்பதரைக்குப் போய்ச் சேருங்கள், அல்லது ஒரு மணிக்கு.

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஆறு பேரைத் தாண்டினால் மேசை கிடைப்பதும் கஷ்டம், பேச்சும் இரண்டாகப் பிரிந்துவிடும். வார இறுதியில் நிறைய கடைகள் முன்பதிவு எடுப்பதில்லை. வாசலில் நிற்பவரிடம் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் பெயர் நீளமானதோ பழக்கமில்லாததோ என்று நினைத்து வேறு பெயர் சொல்லாதீர்கள். தேன்மொழி என்றால் தேன்மொழி என்றே நிதானமாக இரண்டு முறை சொல்லுங்கள், எழுத்துக் கூட்டிக் கொடுங்கள். பல நாட்டுக்காரர்கள் வாழும் ஊர் இது, எழுதுகிறவருக்கு அது சிரமமே இல்லை.

சில கடைகள் எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் மேசையில் உட்கார வைக்கும். அதனால் தாமதமாகும் என்றால் குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். நம்மில் பலர் பதினைந்து நிமிடத் தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. இங்கே அந்தப் பதினைந்து நிமிடமும் மூன்று பேர் உங்களுக்காகக் குளிரில் நிற்பார்கள்.

குளிர் என்றதும் இன்னொன்று. மெல்பர்னில் காலையில் வெயில், பதினொரு மணிக்குக் காற்று, அப்புறம் தூறல் என்று வானிலை ஒரே நாளில் மாறிக்கொண்டே இருக்கும். வெளி மேசைதான் கிடைக்கிறது என்றால் கழற்றிப் போடக்கூடிய ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். வெளி மேசைகளில் பக்கத்து நாற்காலிக் காலடியில் நாய் படுத்திருக்கும். பயமாக இருந்தால் உள்ளே இடம் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

முதலில் காபி

உட்கார்ந்ததும் தண்ணீர் வரும், அல்லது கல்லாப் பக்கம் பாட்டில்கள் இருக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அது இலவசம். 'ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா' என்று கேட்டால் மட்டும் உஷார், அது விலைக்கு வரும் பாட்டில். 'டேப் வாட்டர்' என்று சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி காபி. சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைக் கேட்பார்கள், இங்கே வழக்கம் அப்படித்தான். மெல்பர்ன்காரர்கள் காபியை மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த எஸ்பிரெஸ்ஸோ (கருவியில் அழுத்தத்தோடு இறக்கும் கெட்டிக் காபி) பழக்கம் இங்கே வேரூன்றியது. 1954-ல் போர்க் தெருவில் தொடங்கிய 'பெல்லெக்ரினிஸ்' காபிக்கடை இன்றும் நடக்கிறது. அந்தப் பிடிப்பு நாடு முழுக்கவே உண்டு. ஸ்டார்பக்ஸ் 2008-ல் ஆஸ்திரேலியாவில் இருந்த 84 கடைகளில் 61-ஐ மூட வேண்டி வந்தது. தெருவுக்குத் தெரு நல்ல காபி கிடைக்கும்போது அந்தக் கடை தேவைப்படவில்லை.

ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது 'ஃபிளாட் ஒயிட்'. எஸ்பிரெஸ்ஸோவில் மெல்லிய நுரையோடு பால் சேர்த்தது. முதல் வாய் நமக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும், காபியின் அளவுக்குப் பால் அதிகம். கெட்டியாக வேண்டுமென்றால் 'ஸ்ட்ராங்' என்று சொல்லுங்கள், இன்னொரு ஷாட் சேர்ப்பார்கள். அதைவிட நல்லது 'மேஜிக்'. இந்த ஊரிலேயே உருவான வகை இது. இரட்டை ரிஸ்ட்ரெட்டோ, அதாவது தண்ணீர் குறைவாக இறக்கிய அடர்த்தியான டிகாக்‌ஷன், அதன் மேல், சின்னக் கோப்பை முக்கால் அளவு நிறையும் வரை பால். டிகாக்‌ஷன் நாக்கில் நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பிடித்துப்போகும். மெனுவில் எழுதியிருக்காது, ஆனால் கேட்டால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பாலைக் கொதிக்க விடுவதில்லை. 60, 65 டிகிரியில் நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பும் நுரையும் கெட்டுவிடும் என்பதால். நமக்கு அது ஆறிய காபி. 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று கேட்கலாம், தயங்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு தடவை அவர்கள் தருகிற சூட்டிலேயே குடித்துப் பாருங்கள். பாலின் ருசி தனியாகத் தெரியும். சர்க்கரை சேர்த்து வராது, மேசையில் இருக்கும்.

டீ பிரியர்களுக்கு: 'டீ' என்று மட்டும் சொன்னால் வெந்நீரும் இலையும் வரும், பால் தனியாக. 'சாய் லாட்டே' என்றால் பல கடைகளில் இனிப்புப் பொடியோ சிரப்போ கலந்த பால். கேட்க வேண்டியது 'ஸ்டிக்கி சாய்'. தேயிலையோடு இலவங்கப்பட்டை, ஏலக்காய், இஞ்சி, சோம்பு வகைகளைத் தேனில் ஊறவைத்திருப்பார்கள். அந்தப் பிசுபிசுப்பான கலவையைப் பாலோடு காய்ச்சிச் சின்னக் குடுவையில், வடிகட்டியோடு கொண்டு வருவார்கள். மூடியைத் திறந்தால் ஏலக்காய்தான் முதலில் முகத்தில் அடிக்கும். உடனே ஊற்றிவிடாமல் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள்.

மெனுவைப் படிப்பது

எல்லா மெனுவிலும் இருப்பது ஸ்மாஷ்டு அவகாடோ. அவகாடோவை மசித்து, சாவர்டோ ரொட்டி மேல் பரப்பி, எலுமிச்சை பிழிந்து, வெள்ளை ஃபெட்டா சீஸ் உதிர்த்துத் தருவார்கள். சிட்னியில் சமையல்கலைஞர் பில் கிரேஞ்சர் 1993-ல் தொடங்கிய கஃபேயிலிருந்துதான் இது கஃபே மெனுக்களுக்குப் பரவியது என்று பலரும் சொல்வார்கள். சாவர்டோ என்பது புளிக்கவைத்த மாவில் செய்யும் ரொட்டி, ஓரம் கடினமாக இருக்கும். கத்தி முள்கரண்டியோடு போராட வேண்டாம், கையால் எடுத்துக் கடிக்கலாம். மேலே தூவியிருக்கும் பழுப்புப் பொடி டுக்கா: கொட்டைப் பருப்பு, எள், மல்லி, சீரகம் இடித்தது. வேர்க்கடலை, முந்திரி போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

முட்டை கேட்டால் எப்படி வேண்டும் என்பார்கள். 'போச்டு' என்றால் ஓடில்லாமல் கொதிநீரில் வெந்தது, வெட்டினால் மஞ்சள் கரு வழியும். வழிவது பிடிக்காதவர்கள் 'ஹார்டு போச்டு' என்று சொல்ல வேண்டும். 'ஸ்கிராம்பிள்டு' என்பது நம் பொடிமாஸ் அல்ல, ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். நன்றாக வெந்தது வேண்டுமென்றால் 'ஃபிரைடு', அதிலும் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டது. காரம் வேண்டுபவர்கள் 'சில்லி ஸ்கிராம்பிள்' இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை மிளகாயோ மிளகாய் எண்ணெயோ சேர்த்து வரும், நம் நாக்குக்குப் போதும் போதாததுமாக இருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். மெனுவில் 'வி' (V) என்று போட்டிருந்தால் இறைச்சியும் மீனும் இல்லை என்று அர்த்தம், முட்டை இருக்கலாம். முட்டையும் பாலும் இல்லாதது 'வீகன்', அதை 'விஜி' (VG) என்றோ 'விஈ' (VE) என்றோ குறித்திருப்பார்கள். இவற்றோடு 'ஓ' (O) சேர்ந்து வந்தால், கேட்டால் அப்படி மாற்றித் தருவோம் என்று பொருள். ஹாலண்டேஸ் என்ற மஞ்சள் சாஸ் முட்டைக் கருவும் வெண்ணெயும் சேர்ந்தது. பார்மெசான் போன்ற சில சீஸ்களைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் செய்கிறார்கள், அதை விலக்குபவர்கள் சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முட்டையும் தொடாதவர்களுக்கு நிம்மதியான தேர்வுகள்: முட்டை சேர்க்காத அவகாடோ, வெண்ணெயில் வதக்கிய காளான் வைத்த ரொட்டி, பழமும் தயிரும் போட்ட கிரானோலா (வறுத்த ஓட்ஸ் கலவை), குளிர்காலத்தில் ஓட்ஸ் கஞ்சி. பான்கேக், வாஃபிள் இரண்டிலும் முட்டை இருக்கும்.

ஹலால் பார்ப்பவர்கள், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தவிர்ப்பவர்கள்: பேக்கன் பன்றி என்பது எல்லோருக்கும் தெரியும், சொரிசோ என்ற காரத் தொத்திறைச்சியும் பெரும்பாலும் பன்றிதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே கல்லில் எல்லாம் வாட்டுவார்கள் என்பதால் 'தனியாகச் செய்ய முடியுமா' என்று கேளுங்கள். குழந்தைகளுக்குத் தரும் பேபிச்சினோ, அதாவது பால் நுரை மேல் சாக்லேட் தூள், பக்கத்தில் ஒரு மார்ஷ்மெல்லோவோடு வரும். அதில் பெரும்பாலும் விலங்குகளிடமிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

இப்படிக் கேட்பதைக் கூச்சமாக நினைக்காதீர்கள். மேசையில் உங்கள் நண்பர் ஒருவர் கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஆகாது என்பார், இன்னொருவர் ஓட்ஸ் பால் கேட்பார். பரிமாறுகிறவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். தெரியாத சாப்பாட்டை வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருப்பதுதான் எல்லோருக்கும் சங்கடம்.

மேசையில்

ஆளுக்கொரு தட்டு என்பதுதான் இங்கே வழக்கம். நம் பழக்கத்தில் எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிரத் தோன்றும். அது அழகான பழக்கம், விடவும் வேண்டாம். ஆனால் அடுத்தவர் தட்டுக்குள் கைபோகும் முன் 'நடுவில் வைக்க ஹாஷ் பிரவுன் (துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு) ஒன்று வாங்குவோமா' என்று கேட்டுவிட்டால் எல்லோரும் சந்தோஷமாகச் சேர்ந்துகொள்வார்கள். வாங்கியவர்கள் எல்லோருக்கும் தட்டு வந்த பிறகு சாப்பிடத் தொடங்குங்கள்.

காசு நெருக்கடி இருந்தால் 'நான் காபி மட்டும்' என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் பலரும் அப்படிச் செய்கிறார்கள். வீட்டில் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு வந்து, காபியும் ஒரு மஃபினும் வாங்கிக்கொண்டு முழு நேரமும் கூட இருக்கலாம். நேரத்தோடு வந்து உட்கார்ந்திருப்பதுதான் நண்பர்களுக்கு முக்கியம்.

சுவர், கோப்பை, தட்டு எதை வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். வேலை செய்பவர்களையும் பக்கத்து மேசைக்காரர்களையும் எடுக்காதீர்கள். மாட்டியிருக்கும் ஓவியங்களை எழுந்து போய்ப் பாருங்கள். வரைந்தவர் பெயரும் விலையும் கீழே இருக்கும், விசாரித்தால் கஃபேக்காரர் உற்சாகமாகச் சொல்வார். வாசலில் ஆட்கள் காத்திருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மேசையைப் பிடித்து வைக்க வேண்டாம். பேச்சு மிச்சமிருந்தால் தெருவில் தொடரலாம்.

காசு

ஒரு தட்டு 20 முதல் 28 டாலர் வரை, காபி ஐந்து ஆறு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், பல இடங்களில் சனிக்கிழமையும், 10 சதவீதம் கூடுதல். அரசு விடுமுறை நாளில் 15. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்களில் ஊழியர்களுக்குச் சட்டப்படி கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் விரைவில் இதே கஃபேக்களில் பகுதிநேர வேலைக்குச் சேர்வீர்கள், அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் உங்களுக்கும் உரியது, கேட்டு வாங்குங்கள்.

24 டாலர் தட்டும் ஐந்தரை டாலர் காபியும் ஞாயிறன்று 32 டாலர் 45 சென்ட் ஆகும். அட்டையில் கட்டினால் ஒன்று ஒன்றரை சதவீதம் மேலே வரலாம். டிப்ஸ் கட்டாயமில்லை. பணம் கட்டும் கருவித் திரையில் டிப்ஸ் கேட்டு எண்கள் வந்தால் 'நோ டிப்' அழுத்திவிட்டுப் போகலாம். நன்றாகக் கவனித்தார்கள் என்று தோன்றினால் கல்லாவில் இருக்கும் ஜாடியில் ஒன்றிரண்டு டாலர் போடுங்கள்.

பல கடைகளில் மேசைக்குப் பில் வராது. கல்லாவுக்குப் போய் மேசை எண் சொல்ல வேண்டும். வார இறுதியில் பில்லைப் பிரித்துத் தர மாட்டோம் என்று எழுதி வைத்திருப்பார்கள். அதனால் ஒருவர் மொத்தமாகக் கட்டுவார், மற்றவர்கள் அவருடைய கைபேசி எண்ணுக்குப் பே-ஐடி என்ற வங்கி வசதி வழியாக அனுப்பிவிடுவார்கள். சில நொடிகளில் போய்விடும். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். 'அப்புறம் தருகிறேன்' என்பது இங்கே எடுபடாது. 'நான்தான் கொடுப்பேன்' என்று பில்லுக்காக இழுபறி செய்யும் நம் வழக்கமும் அவர்களைக் குழப்பும். ஒருவருக்கு வாங்கித் தர ஆசையா? 'அடுத்த தடவை காபி என் கணக்கு' என்று சொல்லுங்கள். அடுத்த சந்திப்பும் அதிலேயே உறுதியாகிவிடும்.

சாப்பிட்ட பிறகு

வார இறுதி என்றால் ரோஸ் தெருவுக்கு நடங்கள். அங்கே சனி ஞாயிறுகளில் கலைஞர்கள் சந்தை நடக்கும். நகை, அச்சுப்படம், மண்பாண்டம் என்று செய்தவர்களே விற்பார்கள். எதையும் வாங்காமல் பேசிவிட்டு வரலாம், அவர்களுக்கும் அது பழக்கம்தான். அங்கிருந்து ஜான்ஸ்டன் தெருவில் கிழக்கே நடந்தால், ஸ்மித் தெருவைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் கீத் ஹேரிங் சுவர். இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால் அதே தெருவில் மேலும் கிழக்கே அபட்ஸ்ஃபோர்டு கான்வென்ட் வரை போகலாம். பழைய கன்னிமாடம் அது. இப்போது கலைக்கூடங்களும் மரநிழல் புல்வெளியும் இருக்கின்றன. மழை பிடித்துவிட்டால் திட்டத்தை மாற்றி மையத்துக்குத் திரும்புங்கள். ஃபெடரேஷன் சதுக்கத்தில் இருக்கும் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் ஆஸ்திரேலியப் பிரிவில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அதற்கு எதிரே ஹோசியர் சந்தில் சுவர் ஓவியங்கள் வாரா வாரம் மாறிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போனதும் குழுவில் படங்களைப் போட்டு, அடுத்து எப்போது என்று நீங்களே முதலில் கேளுங்கள்.